திருமண மோதிரம்: பிளாட்டினமா, வெள்ளைத் தங்கமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தைகளில் சொல்லிவிடுகிறேன். அதில் எதையேனும் நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் பதிலும் தவறிவிடும். தை மாதம் உங்களுக்கு ஆலயத்தில் மோதிரம் மாற்றித் திருமணம். நீங்கள் நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். மணமகன் ஓசூரில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஆலையில் வேலை பார்க்கிறார். இருவருக்கும் வெண்ணிற மோதிரமே பிடித்திருக்கிறது. உங்களுடையதில் ஒரு சிறு வைரம் வைக்க ஆசைப்படுகிறீர்கள். ஒரு கடையில் பிளாட்டினம்தான் ஆயுள் முழுக்க நிற்கும் என்றார்கள். அடுத்த கடையில், 18 கேரட் வெள்ளைத் தங்கமும் பார்வைக்கு அதேதான், திருப்பிக் கொடுத்தாலும் தங்க விலை கிடைக்கும் என்றார்கள். வீட்டுப் பெரியவர்கள் இரண்டாவது கடைக்காரர் பக்கம். கடைசி வரியில், கவரிங் தோடு போட்டால் காது அரித்துப் புண்ணாகிவிடும் என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

கோயம்புத்தூரில் ஒரு நகைப் பட்டறையில் கல் பதிக்கும் வேலையிலும் பழுதுபார்க்கும் வேலையிலும் இருபத்தாறு ஆண்டுகளாக இருக்கிறேன். விற்பவர் ஒரு மோதிரத்தைப் பார்ப்பது அதன் முதல் நாளில். எங்களிடம் அது மூன்றாம் ஆண்டிலும் எட்டாம் ஆண்டிலும் வந்து சேர்கிறது. அந்த இடத்திலிருந்து பார்த்துச் சொல்வதானால், இரவு பகல் கழற்றாமல் போடப்போகும் மோதிரம் உங்கள் இருவருக்கும் பிளாட்டினமாக இருக்கட்டும். வைரம் வைத்த மோதிரத்தைத் தனியாக, ஆலயத்துக்கும் விசேஷங்களுக்கும் மட்டும் போடுவதாக வைத்துக்கொண்டால் அதற்கு வெள்ளைத் தங்கம் தாராளமாகப் போதும். இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் காரணங்களில் ஒன்று உங்களுக்குப் பொருந்தாவிட்டால் முடிவும் மாறக்கூடும்.

வெள்ளைத் தங்கம் என்று ஒரு தனிமம் கிடையாது. தங்கம் இயல்பிலேயே மஞ்சள். அதில் 1,000 பங்குக்கு 750 பங்கு தங்கமாக வைத்துக்கொண்டு, மீதி 250 பங்கில் நிக்கல் அல்லது பல்லேடியத்தையும், கூடவே செம்பு, துத்தநாகம், வெள்ளி போன்றவற்றையும் கலந்து அந்த மஞ்சளை வெளுக்கச் செய்கிறார்கள். வெளுக்குமே தவிர முழு வெண்மை வராது. நல்ல பல்லேடியக் கலவை வெளிர் சாம்பலாக இருக்கும்; நிக்கல் கலவையில் மெல்லிய மஞ்சள் சாயல் தங்கிவிடும். அந்தச் சாயலை மறைப்பதற்காகத்தான் மேலே ரோடியம் என்ற உலோகத்தைப் பூசுகிறார்கள். கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் நீங்கள் பார்த்து மயங்கிய அந்தக் கண்ணாடி போன்ற வெண்மை ரோடியத்தின் வெண்மை. அடியில் இருக்கும் தங்கத்தை நீங்கள் அன்று பார்க்கவே இல்லை.

பூசும் வேலையை ஒரு முறை பக்கத்தில் இருந்து பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். மோதிரத்தை முதலில் பளபளவென்று பாலிஷ் செய்து, அழுக்கும் எண்ணெயும் துளிகூட இல்லாமல் கழுவி, மெல்லிய கம்பிக் கொக்கியில் மாட்டி, ஒரு சிறிய கண்ணாடிக் குவளையில் உள்ள ரோடியக் கரைசலுக்குள் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சுகிறோம். ஒரு நிமிடம் ஆவதற்குள், வெளிறிய வைக்கோல் நிறத்தில் உள்ளே போன மோதிரம் பால் வெண்மையாக வெளியே வருகிறது. அந்தப் பூச்சின் கனம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. மனிதத் தலைமுடியின் கனம் அதைப் போல எழுபது எண்பது மடங்கு. ரோடியம் மிகக் கடினமான உலோகம்தான். ஆனால் அவ்வளவு மெல்லிய படலம், நாள் முழுவதும் கையுறைக்குள் போய் வரும் விரலில், சோப்பிலும் துண்டிலும் உரசிக்கொண்டே இருந்தால் எத்தனை நாள் தாங்கும்? தினமும் போடும் மோதிரத்தில் ஒன்று முதல் இரண்டு ஆண்டுகளுக்குள், கையை அதிகம் பயன்படுத்துகிறவர்களுக்கு அதற்கும் முன்பாகவே, அடிப்பக்கம் தெரியத் தொடங்கிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி ஆசிரியை தம் மோதிரத்தைக் கண்ணீரோடு எடுத்து வந்தார். மூன்று ஆண்டு போட்ட வெள்ளைத் தங்க மோதிரம். பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன்: வைரத்தைச் சுற்றிய மேல்பகுதியும் பக்கவாட்டுப் பள்ளங்களும் புத்தம் புதிதாக வெள்ளையாக இருந்தன, உள்ளங்கைப் பக்கம் படும் அடிவளையம் மட்டும் காய்ந்த எலுமிச்சைத் தோல் போல மங்கலான மஞ்சளாக இருந்தது, இரண்டுக்கும் நடுவே ஈரம் காய்ந்த கறைபோல ஒரு ஒழுங்கற்ற கோடு. ‘பித்தளையில் வெள்ளி முலாம் பூசி ஏமாற்றிவிட்டார்கள்’ என்பது அவர் நினைப்பு. உண்மையில் அவரை யாரும் உலோகத்தில் ஏமாற்றவில்லை. அது 750 முத்திரையுள்ள நல்ல தங்கம். ஆனால் இந்தப் பூச்சு தேயும், தேய்ந்தால் திரும்பப் பூச வேண்டும் என்ற ஒரு வாக்கியத்தை விற்ற கடையில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியம் இல்லாததால் மூன்று ஆண்டுகளாகத் தம் திருமண மோதிரத்தைச் சந்தேகத்தோடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அரை மணி நேரத்தில் பாலிஷ் செய்து பூசிக் கொடுத்தோம். அன்று முதல் வெள்ளைத் தங்கம் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒவ்வொரு முறை திரும்பப் பூசுவதற்கு முன்பும் கீறல்களை நீக்கப் பாலிஷ் செய்கிறோம். பாலிஷ் என்றாலே மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் உலோகத்தை எடுப்பதுதான். கனமான வளையத்தில் அது தெரியாது. ஆனால் எடை குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மெல்லிசாகச் செய்த மோதிரங்கள், இருபது ஆண்டு இப்படிப் பாலிஷ் கண்ட பிறகு, அடியில் கம்பிபோல இளைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ரோடியத்தின் விலையும் நிலையானதில்லை. 2021இல் அது ஒரு அவுன்ஸுக்கு, அதாவது ஏறத்தாழ 31 கிராமுக்கு, 29,000 டாலரைத் தாண்டியது. அப்படிப்பட்ட காலங்களில் மலிவாகப் பூசித் தருகிற இடத்தில் பூச்சின் கனமும் குறையும் என்பதை யூகிக்கச் சிரமம் இல்லை.

பிளாட்டினம் இயற்கையிலேயே வெள்ளை. நகைக்குப் பயன்படும் பிளாட்டினத்தில் 1,000 பங்குக்கு 950 பங்கு பிளாட்டினமே. மீதி 50 பங்கு ருத்தீனியம், இரிடியம், கோபால்ட் போன்ற ஏதோ ஒன்று. மேலே பூச்சு வேண்டியதில்லை. தேயத் தேயவும் உள்ளே இருப்பது அதே நிறம்தான். ரோடியத்தின் அந்தத் தெறிக்கும் வெண்மையை எதிர்பார்த்தால் பிளாட்டினம் சற்றே சாம்பல் கலந்ததாகத் தோன்றும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புதிய வெள்ளைத் தங்க மோதிரம்தான் கண்ணைப் பறிக்கும். அந்த நிமிடத்தில் பலர் முடிவு எடுத்துவிடுகிறார்கள். நீங்கள் கடைக்குப் போகும்போது, ஓரிரு ஆண்டு போட்ட மோதிரம் விற்பனையாளர் யாருடைய கையிலாவது இருந்தால் அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

பிளாட்டினத்தில் கீறலே விழாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சொல்லப்போனால் 950 பிளாட்டினம் மென்மையானது; நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கம் அதைவிடக் கடினமானது. முதல் மாதத்திலேயே பிளாட்டினத்தில் கீறல் தெரியும். வேறுபாடு கீறல் விழும் விதத்தில் இருக்கிறது. தங்கத்தில் கீறல் விழும்போது உலோகம் துகளாகப் பிய்ந்து போகிறது. பிளாட்டினத்தில் அது பெரும்பாலும் பிய்வதில்லை. சேற்றில் விரலால் கோடு இழுத்தால் இரு பக்கமும் வரப்பு எழும்புவதுபோல, ஓரமாக ஒதுங்கி நிற்கிறது. எடை அப்படியே இருக்கும். நாளடைவில் ஆயிரக்கணக்கான நுண்ணிய கீறல்கள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து, மோதிரம் பளபளப்பை இழந்து ஒரு பட்டு போன்ற மங்கல் ஒளிக்கு வந்துவிடும். சிலருக்கு அது மிகவும் பிடிக்கும். சிலருக்கு அழுக்குப் படிந்ததுபோலத் தோன்றும். பிடிக்காதவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை பாலிஷ் செய்துகொள்ளலாம். மணமகனுக்கு முதலிலேயே பளபளப்பு இல்லாத, மங்கலாக்கிய மேற்பரப்பு உள்ள வளையமாக எடுத்தால் இந்தக் கேள்வியே எழாது.

இனி உங்கள் காதுப் புண்ணுக்கு வருகிறேன். கவரிங் தோட்டில் அரிப்பு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாத பொருள் நிக்கல். ஜீன்ஸ் பொத்தான் படும் இடத்தில், கைக்கடிகாரத்தின் பின்மூடி படும் இடத்தில் தோல் சிவந்து தடித்தால் சந்தேகம் உறுதிப்படும். தோல் மருத்துவரிடம் ஒட்டுப் பரிசோதனை செய்தால் தெளிவாகத் தெரிந்துவிடும், அது உங்களுக்கு எட்டாத காரியமும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 1994லேயே, தோலில் நெடுநேரம் படும் பொருள்களிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியாகக் கூடாது என்று விதி வகுத்தது. அங்கே நிக்கல் கலவைகள் குறைந்து பல்லேடியக் கலவைகள் பரவியதற்கு அது ஒரு காரணம். நம் ஊரில் நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கம் இன்னும் சாதாரணமாகக் கிடைக்கிறது. 2019 தொடங்கிச் சில ஆண்டுகள் பல்லேடியம் தங்கத்தையே மிஞ்சிய விலைக்கு விற்றபோது, நிக்கலைக் கைவிட யாருக்கும் அவசரம் இல்லாமல் போனதில் வியப்பில்லை.

ரோடியப் பூச்சு இருக்கும்வரை நிக்கல் தோலில் படாது. அதனால்தான் முதல் ஆண்டு எந்தத் தொந்தரவும் இருக்காது. மோதிரத்தின் உள்பக்கம் தேய்ந்த பிறகு, அதிலும் ஈரக் கையில் கையுறை மாட்டி மணிக்கணக்கில் வேலை செய்யும்போது, வியர்வையில் நிக்கல் கரைந்து தோலில் ஊறும். மோதிரம் இருந்த இடம் அரிக்கத் தொடங்கும். திருமண மோதிரத்தைக் கழற்றி வைக்க வேண்டி வந்தால் மனம் எவ்வளவு சங்கடப்படும் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே வெள்ளைத் தங்கம்தான் என்று முடிவு செய்தாலும், நிக்கல் கலக்காத பல்லேடியக் கலவை என்று கடைக்காரர் ரசீதில் எழுதித் தந்தால் மட்டுமே வாங்குங்கள். பிளாட்டினத்திலும் ஒன்று கேளுங்கள்: மீதி 50 பங்கு என்ன? நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்கள் சிலருக்குக் கோபால்டும் ஒத்துக்கொள்வதில்லை. ருத்தீனியமோ இரிடியமோ கலந்தது உங்களுக்குப் பாதுகாப்பானது. மணமகனுக்குக் கோபால்ட் கலவையால் கெடுதல் இல்லை. ஆனால் அது சக்தி வாய்ந்த காந்தத்தால் இலேசாக ஈர்க்கப்படும். ஆலையில் காந்தப் பிடிப்பானுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகும்போது மோதிரம் இழுபடுவதைப் பார்த்து, இரும்பைக் கலந்துவிட்டார்கள் என்று அவர் கலங்க வேண்டாம்.

உங்கள் வேலையிடத்தைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். தரையும் கருவிகளும் துடைக்கப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலும் பிளீச்சிங் பவுடரும் குளோரின் சார்ந்தவை. நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கத்தின் மெல்லிய பாகங்களை, குறிப்பாகக் கல்லைப் பிடித்திருக்கும் பிராங்குகளை, குளோரின் மெல்ல மெல்ல அரித்து நுண்ணிய விரிசல் விழச் செய்யும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் சேலையில் மாட்டி இழுபடும்போது பிராங் ஒடிந்து வைரம் உதிர்ந்துவிடும். இன்னும் எங்காவது புழக்கத்தில் இருக்கும் பாதரச வெப்பமானி உடைந்து துளி பாதரசம் பட்டால் தங்கம் அதை உடனே உறிஞ்சி வெளிறி, நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். பிளாட்டினத்தை இவை இரண்டும் சாதாரணமாகத் தொடுவதில்லை. சானிட்டைசரைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள்; அதிலுள்ள ஆல்கஹால் இந்த உலோகங்களைக் கெடுக்காது, தேய்ப்பதுதான் பூச்சைக் குறைக்கிறது.

இரண்டாவது, எந்த உலோகமானாலும் கல் வைத்த மோதிரம் கையுறையைக் கிழிக்கும், அதன் இடுக்கில் கிருமியும் அழுக்கும் தங்கும். கை சுகாதாரத்தைப் பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்களும் பணி நேரத்தில் மோதிரம் அணிவதை ஊக்குவிப்பதில்லை. வழுவழுப்பான எளிய திருமண வளையத்துக்கு மட்டும் சாதாரண வார்டில் இடம் தரலாம் என்கின்றன, அறுவை அரங்கில் அதுவும் கூடாது. இதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். ஆகவேதான் தினசரி வளையத்தையும் வைர மோதிரத்தையும் பிரித்துவிடச் சொல்கிறேன். ஆலயத்தில் குருவானவர் ஆசீர்வதித்துத் தருவது அந்த எளிய வளையமாகவே இருக்கட்டும். அது கையில் தங்கும், வைரம் நிச்சயதார்த்தத்துக்கோ வரவேற்புக்கோ இருக்கட்டும். மணமகனும் சுழலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் எந்த மோதிரமும் போடக் கூடாது. மோதிரம் மாட்டிக்கொண்டு விரலின் தோலையே உரித்து இழுத்துவிடும் விபத்துகள் பட்டறைகளில் நடக்கின்றன. கழுத்துச் சங்கிலியில் கோத்துச் சட்டைக்குள் போட்டுக்கொள்வதும் சுழலும் இயந்திரத்தருகே ஆபத்துதான்; பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

விலைக் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் இங்கேதான் அதிகம் குழப்புகிறார்கள். பிளாட்டினம் என்றாலே தங்கத்தைவிட விலை கூடியது என்ற எண்ணம் 2008ஆம் ஆண்டு வாக்கில் சரியாக இருந்தது. அப்போது தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் மின்வெட்டு ஏற்பட்டு அது அவுன்ஸுக்கு 2,000 டாலரைத் தாண்டியது, தங்கம் அதில் பாதியளவில் இருந்தது. 2015 முதல் நிலைமை தலைகீழ். சுத்தத் தங்கத்தின் கிராம் விலைதான் கூடுதல். ஆனால் கிராம் விலையை மட்டும் பார்த்துப் பிளாட்டின மோதிரம் மலிவு என்று முடிவு செய்துவிட முடியாது. பிளாட்டினம் அடர்த்தி மிகுந்தது; 950 கலவை ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 20.5 கிராம், 18 கேரட் வெள்ளைத் தங்கம் 15.5 கிராம் அளவில் இருக்கும். ஒரே அச்சில் செய்தால், வெள்ளைத் தங்கத்தில் 5 கிராம் வரும் மோதிரம் பிளாட்டினத்தில் 6.6 கிராம் வரும். அந்த 5 கிராமில் சுத்தத் தங்கம் 3.75 கிராம்; அந்த 6.6 கிராமில் சுத்தப் பிளாட்டினம் கிட்டத்தட்ட 6.3 கிராம். எனவே சுத்தத் தங்கத்தின் கிராம் விலை சுத்தப் பிளாட்டினத்தைப் போல ஒன்றேமுக்கால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும்போது இரண்டு மோதிரங்களின் உலோக மதிப்பும் சமமாகிறது. தங்கம் அதற்கும் மேலே போனால் பிளாட்டினம் மலிவு, கீழே வந்தால் வெள்ளைத் தங்கம் மலிவு. நீங்கள் வாங்கும் நாளின் இரண்டு விலைகளையும் எடுத்து ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்த்தால் போதும்.

அதற்கு மேல் செய்கூலி. பிளாட்டினம் 1,768 டிகிரி செல்சியஸில்தான் உருகும். தங்கத்துக்கு 1,064 டிகிரி. தங்கம் வார்க்கும் சாதாரண ஜிப்சம் அச்சு அந்தச் சூட்டில் நிற்காது, வேறு வகை அச்சு வேண்டும். அரமும் பாலிஷ் சக்கரமும் தனியாக வைத்திருக்க வேண்டும். தங்கத் தூளோ ஈயமோ ஒட்டியிருந்து அதோடு சூடேறினால் பிளாட்டினத்தில் வடு விழும், வெடிப்பும் வரும். உருக்கும்போது கரி பட்டாலும் நொறுங்கும். பாலிஷ் செய்வது பிசின்மேல் தேய்ப்பது போல, கை வலிக்கும். இத்தனைக்கும் கூலி கேட்பது நியாயம்தான் என்பேன். ஜி.எஸ்.டி. இரண்டுக்கும் ஒரே 3 சதவீதம்.

பெரியவர்களின் கவலை திருப்பிக் கொடுப்பதைப் பற்றியது, அதில் உண்மை இருக்கிறது. ஹால்மார்க் உள்ள வெள்ளைத் தங்கத்தை எந்த ஊரிலும், எந்த நகைக்கடையிலும், அன்றைய 18 கேரட் கணக்கில் மதிப்பிடுவார்கள். கல்லின் எடையைக் கழிப்பார்கள், செய்கூலியும் சேதாரமும் திரும்ப வராது, அவ்வளவுதான். வங்கியில் அடகு வைக்கவும் முடியும். பிளாட்டினத்துக்கு அந்த வசதி இல்லை. ரிசர்வ் வங்கி 2025இல் வெளியிட்ட நகைக்கடன் விதிகள் தங்கத்தையும் வெள்ளியையும் பற்றியவை. பிளாட்டினத்துக்கு அதில் இடமில்லை. வாங்கிய கடையே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதுதான் நடைமுறை. அதுவும் எத்தனை சதவீதம் கழிப்பார்கள், பணமாகத் தருவார்களா, வேறு நகையாக மட்டும் மாற்றுவார்களா என்பது கடைக்குக் கடை மாறும். அதை வாய்மொழியாக விடாமல் ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும். சங்கிலி, வளையல் போன்ற எடை கூடிய நகையாக இருந்தால் பெரியவர்கள் பக்கமே நானும் நின்றிருப்பேன். ஆபத்துக்கு உதவும் நகையைப் பிளாட்டினத்தில் வாங்குவதில் பொருள் இல்லை. ஐந்தாறு கிராம் திருமண மோதிரத்தை அடகு வைக்கும் நாளை நினைத்து வாங்க வேண்டுமா என்பதை மட்டும் அவர்களிடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள்.

முத்திரை விஷயத்திலும் இரண்டும் வேறு. தங்கத்துக்கு 2021 ஜூன் முதல் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமாகி, 2023 ஏப்ரல் 1 முதல் எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடங்கள் கொண்ட, ஒவ்வொரு நகைக்கும் தனியான எச்.யு.ஐ.டி. என்ற அடையாளக் குறி இல்லாமல் விற்கக் கூடாது என்றாகிவிட்டது. வெள்ளைத் தங்கமும் தங்கமே. அதன் உள்பக்கத்தில் பி.ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முக்கோணச் சின்னம், 18 கேரட்டைக் குறிக்கும் 750, எச்.யு.ஐ.டி. ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் நகையின் விவரம் வரும். இரண்டு கிராமுக்குக் குறைவான நகைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு என்பதால் மிகச் சிறிய மோதிரத்தில் முத்திரை இல்லாமல் இருக்கலாம். பிளாட்டினத்துக்கு இத்தகைய அரசுக் கட்டாயம் இல்லை. ‘பிடி 950’ என்று பொறித்திருப்பதையும், பிளாட்டினம் கில்ட் இன்டர்நேஷனல் என்ற பிளாட்டின நகைத் துறை அமைப்பின் தர உறுதிச் சான்று அட்டையையும், ரசீதில் ‘பிளாட்டினம் 950’ என்று எழுத்தில் இருப்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிளாட்டினம் பூசியது, பிளாட்டினம் பாலிஷ் என்ற பெயர்களில் விற்பவை வேறு; அடியில் வெள்ளியோ பித்தளையோ இருக்கும். கையில் வாங்கியவுடன் அந்த எதிர்பாராத கனம் தெரிந்தால்தான் பிளாட்டினம்.

அளவு மாற்றுவதில் வெள்ளைத் தங்கத்துக்கே என் வாக்கு. ஊரில் எந்த ஆசாரியும் அறுத்து, துண்டு சேர்த்து, பற்றவைத்து, அன்றே தந்துவிடுவார். ரோடியம் மட்டும் திரும்பப் பூச வேண்டும். பிளாட்டினத்துக்கு மிக உயர்ந்த சூடோ லேசர் கருவியோ தேவை. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் அத்தகைய பட்டறைகள் இருக்கின்றன. நாகர்கோவிலில் கொடுத்தால் பெரும்பாலும் வெளியூருக்கு அனுப்பித்தான் வாங்கித் தருவார்கள். அவசரத்தில் யாரிடமாவது கொடுத்து, வெள்ளைத் தங்கப் பற்றாசால் ஒட்டிவிட்ட பிளாட்டின மோதிரங்கள் எங்களிடம் வருவதுண்டு. ஒட்டிய அன்று ஒன்றும் தெரியாது. ஓராண்டு போட்ட பிறகு, அடிவளையத்தின் குறுக்கே நூல் அளவுக்கு ஒரு மஞ்சள் கோடு எழும்பி நிற்கும். அதை வெட்டி எடுத்துவிட்டுப் பிளாட்டினத்தாலேயே மறுபடி பற்றவைப்பதைத் தவிர வழியில்லை.

வைர மோதிரத்துக்கு ஒரு குறிப்பு. வெண்ணிற உலோகத்தில் வைக்கும் வைரத்தின் நிறம் நன்றாகத் தெரியும். நம் தாய்மார்களின் மூக்குத்தியிலும் தோட்டிலும் மஞ்சள் தங்கத்தின் நிறத்தில் ஒளிந்திருக்கும் இலேசான மஞ்சள் சாயல், வெள்ளை பிராங்குகளுக்கு நடுவே வெளிப்பட்டுவிடும். டி முதல் இசட் வரை போகும் நிற வரிசையில் ஜி அல்லது எச் தரத்துக்குக் கீழே போகாதீர்கள். பல்லேடியக் கலவை வெள்ளைத் தங்கத்தில், நான்குக்குப் பதிலாக ஆறு பிராங்குகளாக வைக்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை பூதக்கண்ணாடியில் பிராங்கின் நுனிகளைப் பார்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். நல்ல கடைகள் இதற்குப் பணம் வாங்குவதில்லை. விசேஷங்களுக்கு மட்டும் போட்டால் ரோடியப் பூச்சு பல ஆண்டுகள் அப்படியே இருக்கும். அந்த மோதிரத்தையும் பிளாட்டின வளையத்தையும் ஒரே விரலில் அடுத்தடுத்துப் போட வேண்டாம். உரசி உரசி ஒன்றை ஒன்று தின்னும்.

தை மாதத் திருமணம் என்றால் ஐப்பசிக்குள் அளவு கொடுத்துவிடுங்கள். பிளாட்டின வளையம் உங்கள் அளவில் கையிருப்பில் இல்லாவிட்டால் செய்து வரச் சில வாரங்கள் ஆகும். பெயர் பொறிப்பதற்கும் நாள் வேண்டும், பொறித்த பிறகு அளவு மாற்றினால் எழுத்துச் சிதையும். குளிரூட்டிய கடையில் காலையில் எடுக்கும் அளவை நம்பாதீர்கள். பணி முடிந்து, கால் கடுக்க நின்று, கை சற்றே உப்பியிருக்கும் ஒரு மாலையில் போய், நீங்கள் வாங்கப்போகும் வளையம் எவ்வளவு அகலமோ அதே அகலமுள்ள அளவு வளையத்தை மாட்டிப் பாருங்கள். அகலமான வளையம் அதே எண்ணில் இறுக்கமாக இருக்கும். விரல் மூட்டைத் தாண்டும்போது சிறிது தடை இருந்து, தாண்டிய பின் சுழற்றினால் சுழல வேண்டும். மணமகனையும் ஒரு நாள் ஓசூரிலேயே வேலை முடிந்த கையோடு அளவு எடுக்கச் சொல்லி, அந்த எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.